ரெலிக்குக்கு ராசி தெரியாது: நம் கிளானுக்கு ஒரு திறந்த மடல்

வார்ஃப்ரேம் என்ற இணைய விளையாட்டை ஆடும் நம் கிளானின், அதாவது நம் குழுவின், தலைவர்கள் மூவருக்கும், மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை சிதறிக் கிடக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். மிஸ் எழுதுகிறேன்.

சாட்டில் சொல்ல வேண்டியதை மடலாக எழுதுகிறேன். சாட்டில் நான் நாலு வரி அடிப்பதற்குள் நீங்கள் நாற்பது ஸ்டிக்கர் போட்டு அதை மேலே தள்ளிவிடுகிறீர்கள். தமிழில் எழுதவும் காரணம் உண்டு. கிரெயோலில் கோபித்துக்கொண்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். தமிழில் திட்டினால்தான் வகுப்பறை ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்காருவீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அ, ஆ எழுதக் கைப்பிடித்தவள் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: போன செவ்வாய்க்கிழமை சாட்டில் பின் செய்து வைத்திருக்கிறீர்களே, ஒரு விதி, அதை எழுதியது யார்?

"ரேர் ஃபார்முக்கு அவன் வேண்டாம், பா எனா சான்ஸ்." அரிய பரிசு தேடும் ஆட்டத்துக்கு ஆகாதவனாம், அதிர்ஷ்டம் இல்லாதவனாம். போ பாஸ்ஸாங் ஊர்த் தம்பியைத்தான் சொல்கிறீர்கள். பத்து நாள் விரதம் இருந்து இந்த வருடம் காவடி எடுத்தவன் அவன். குவாத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் படிகளில் வெயிலில் ஏறினான், நானும் பக்கத்தில் நடந்தேன். முருகனுக்கு ஆகிறவன் உங்களுக்கு ஆகவில்லை.

அவன் சேர்ந்த நாலு பேர் ஸ்குவாடில் தொடர்ந்து எட்டு ஓட்டத்தில் தங்கம் விழவில்லை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கிளானுக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வார்ஃப்ரேமில் ரெலிக் என்று ஒரு பொருள் உண்டு. ஒவ்வொரு ரெலிக்கிலும் ஆறு பரிசு: மூன்று சாதாரணம், இரண்டு நடுத்தரம், ஒன்றே ஒன்று அரிது. சாதாரணத்தை வெண்கலம், நடுத்தரத்தை வெள்ளி, அரியதைத் தங்கம் என்போம். நாலு பேர் ஒரே ரெலிக்கைக் கொண்டுவந்து ஒரே மிஷனில் உடைத்தால், அது ஓர் ஓட்டம், நாலு ரெலிக்கிலிருந்தும் ஆளுக்கொரு பரிசு திரையில் வரும். அந்த நாலில் எதை வேண்டுமானாலும் எல்லாருமே எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குத் தங்கம் விழுந்தால் நாலு பேருக்கும் தங்கம். கோயிலில் நாலு பேர் தேங்காய் உடைத்து, எந்த மூடி நன்றாக இருக்கிறதோ அதையே நாலு பேரும் வீட்டுக்கு எடுத்துப்போவது மாதிரி. நிஜத் தேங்காய்க்கு அந்த வசதி கிடையாது.

ரெலிக்கை மெருகேற்றவும் செய்யலாம், மிஷன்களில் சேரும் ட்ரேஸ் என்ற பொருளைச் செலவழித்து. எதுவும் செய்யாத இன்டாக்ட் ரெலிக்கில் தங்கம் விழும் வாய்ப்பு 2 விழுக்காடு. 25 ட்ரேஸ் போட்டு எக்ஸெப்ஷனல் ஆக்கினால் 4. 50 போட்டு ஃப்ளாலெஸ் ஆக்கினால் 6. 100 போட்டு ரேடியன்ட் ஆக்கினால் 10. இதெல்லாம் ரகசியம் இல்லை. 2017 முதல் விளையாட்டைச் செய்கிறவர்களே பட்டியலாக வெளியிடுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் பாட்டியின் தாயக்கட்டை.

பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3, வெறும் பக்கம். இரண்டையும் உள்ளங்கையில் உரசி உருட்டுவோம். கூட்டினால் 1 வர வேண்டும், அதாவது ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறும் பக்கம். அதுதான் தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் 2 மட்டுமே தாயம், ஆக எட்டில் ஒன்று. எட்டு தடவை உருட்டியும் விழாவிட்டால் பாட்டி கட்டையைப் பிடுங்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "கட்டை தூங்குது" என்று திருப்பித் தருவாள். அடுத்த உருட்டில் தாயம் விழுந்தால் கட்டை முழித்துக்கொண்டது. விழாவிட்டால் தட்டியது போதவில்லை. எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டில் நிச்சயம் ஒன்று வரும் என்று நானும் பத்து வயது வரை நம்பினேன். உண்மையில் எட்டு உருட்டு உருட்டியும் தாயம் விழாமல் இருக்க வாய்ப்பு 34 விழுக்காடு. மூன்று ஆட்டத்தில் ஓர் ஆட்டம் அப்படித்தான் போகும். கட்டை தூங்கவில்லை, பாட்டி.

நீங்களும் அதே தட்டைத்தான் தட்டுகிறீர்கள், ஒரு பையன் தலையில்.

நாலு ரேடியன்ட் சேர்ந்து உடைக்கும்போது தங்கம் விழாமல் போக வேண்டுமென்றால் நாலிலும் விழாமல் போக வேண்டும்: 0.9-ஐ நாலு தடவை பெருக்குங்கள், 0.6561. ஆக ஓர் ஓட்டத்தில் தங்கம் வர வாய்ப்பு 34.39 விழுக்காடு. மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. எட்டு ஓட்டம் தொடர்ந்து வறட்சியாகப் போக வாய்ப்பு? 0.6561-ஐ எட்டு தடவை பெருக்கினால் 3.4 விழுக்காடு, 29-க்கு ஒன்று. "அப்படியானால் அபூர்வம்தானே மிஸ்?" என்று யாரோ இப்போது கேட்பது காதில் விழுகிறது. பொறு.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பிள்ளைகளிடம் வருகைப் பதிவு எடுக்கும் பழக்கம் விளையாட்டிலும் விடவில்லை. நாலு ரேடியன்ட் கொண்டுவந்த ஸ்குவாட் ஓட்டங்கள் இதுவரை 212 எழுதியிருக்கிறேன். யார் யார் இருந்தார்கள், தங்கம் விழுந்ததா, அவ்வளவுதான். 212-இல் 71 தடவை விழுந்திருக்கிறது. 34.39 விழுக்காடு என்றால் 73 எதிர்பார்க்க வேண்டும். கணக்கும் நடப்பும் கைகோத்துத்தான் போகின்றன. இப்போது கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். 212 ஓட்டத்தில் எங்காவது ஓரிடத்தில் எட்டு வறட்சி தொடர்ந்து வர வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய 90 விழுக்காடு. வராமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரோ ஒருவர் இருக்கும்போது அது வந்தே தீர வேண்டியிருந்தது, தம்பி இருக்கும்போது வந்தது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்தது. நீங்கள் குருவியைப் பிடித்துக் கூண்டில் போட்டுவிட்டீர்கள்.

அவன் இருந்த ஓட்டங்களை மட்டும் தனியாக எண்ணினேன். 38 ஓட்டம், 11 தங்கம். எதிர்பார்ப்பு 13. இந்த அளவு ஓட்டத்தில் மூன்று கூடவோ குறையவோ வருவது சர்வ சாதாரணம். இன்னொன்றும் சொல்லலாம்: அந்த எட்டை எடுத்துவிட்டால் மிச்சம் 30 ஓட்டத்தில் 11, அதாவது 37 விழுக்காடு, அவன் இல்லாத ஓட்டங்களைவிட அதிகம். ஆனால் அப்படிச் சொல்வது ஏமாற்று. பிடிக்காததை வெட்டிவிட்டு மிச்சத்தை எண்ணினால் யாரையும் ராசிக்காரன் ஆக்கலாம். நீங்கள் பிடிக்காததை மட்டும் எண்ணினீர்கள், நான் அதைத் தவிர்த்து எண்ணினால் நானும் உங்கள் கட்சிதான். 38-க்கு 11. அதோடு நிற்கட்டும்.

இன்னொரு சங்கதி, இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ரெலிக் திறக்க ஒவ்வொருவரும் மிஷனுக்குள் 10 ரியாக்டன்ட் பொறுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவருடைய ரெலிக் திறக்காது. அந்த எட்டு ஓட்டத்தில் இரண்டில் ஒருவர் 9 பொறுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினார். அந்த இரண்டிலும் உடைந்தது மூன்றே ரெலிக், வாய்ப்பு 34-இலிருந்து 27-க்கு இறங்கியது. ஓடியவர் தம்பி இல்லை. தலைவர்கள் மூவரில் ஒருவர். பெயர் நோட்டில் இருக்கிறது, இங்கே இல்லை.

அதே மாதிரி ரேடியன்ட் என்று சொல்லிவிட்டு இன்டாக்ட் ரெலிக்கை நைசாகக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. மூன்று ரேடியன்ட்டும் ஓர் இன்டாக்ட்டும் சேர்ந்தால் 28.6 விழுக்காடுதான். 100 ட்ரேஸ் மிச்சம் பிடிக்க ஒருவர் ஆசைப்பட்டால் மற்ற மூவரும் அதற்குப் படியளக்க வேண்டியிருக்கிறது. ராசியைப் பற்றி விதி போடுகிறவர்கள் முதலில் இதைப் பற்றிப் போட்டிருக்கலாம்.

ராசி நம்பிக்கை எல்லாமே முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. ஷாந்த் மார்ஸ் பந்தயத் திடலில் குதிரை பார்த்து வளர்ந்த தீவு இது. 1812 முதல் அங்கே குதிரை ஓடுகிறது. போன வாரம் தோற்ற குதிரை, இந்த வாரம் என்ன செய்யும் என்று நம் மாமாக்கள் மணிக்கணக்கில் பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. குதிரைக்குக் கால் இருக்கிறது. போன ஓட்டத்தின் களைப்பு அதில் இருக்கிறது. நேற்று நடந்தது இன்றைக்குப் பாயும். ஆனால் அதே மாமா சனிக்கிழமை லோட்டோவுக்கும் "போன வாரம் 17 வந்தது, இந்த வாரம் வராது" என்று எண் எழுதுகிறார். 40-இல் 6 எண். மொத்தம் 38,38,380 சேர்க்கை, இந்தத் தீவின் மக்கள்தொகையைப் போல் மூன்று மடங்கு. அந்தப் பந்துகளுக்குப் போன வாரம் தெரியாது. ரெலிக் லோட்டோப் பந்து ஜாதி, குதிரை ஜாதி இல்லை.

விளையாட்டுகளிலும் குதிரை ஜாதி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம்மில் சிலர் கென்ஷின் இம்பாக்டும் ஆடுகிறீர்கள். அங்கே ஐந்து நட்சத்திரப் பரிசு விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, ஆனால் 89 தடவை இழுத்தும் விழாவிட்டால் 90-ஆவதில் கட்டாயம் தந்துவிடுவார்கள். அங்கே "இவ்வளவு நேரம் வரவில்லை, இதோ வரப்போகிறது" என்பது மூடநம்பிக்கை இல்லை, சரியான கணக்கு. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறீர்கள். ரெலிக் எதையும் எண்ணி வைத்துக்கொள்வதில்லை. எட்டு வறட்சிக்குப் பின் ஒன்பதாவது ஓட்டத்திலும் அதே 34.39. எந்த விளையாட்டு எண்ணும், எது எண்ணாது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் இரவு முழுக்க உட்காருங்கள்.

அறிவித்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டில் வாய்ப்புகளை ஆடுகிறவர்களுக்குச் சொல்லாமல் குறைத்ததற்காக 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் ஏறக்குறைய 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து வாய்ப்பை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். அதனால்தான் நோட்டு. நம் 212 ஓட்டத்தில் 40 தங்கம் மட்டும் விழுந்திருந்தால் நான் இந்த மடலை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன், வேறு இடத்துக்கு எழுதியிருப்பேன்.

இனி திட்டம். கிளான் கூட்டத்தில் கேட்டீர்களே, "எத்தனை ரெலிக் சேர்த்தால் போதும் மிஸ்" என்று. "சராசரி மூன்று" என்று யாரோ சொன்னார்கள். சரிதான், ரேடியன்ட் ஸ்குவாடில் தங்கம் விழ சராசரியாக 2.9 ஓட்டம். ஆனால் சராசரியை நம்பி மூன்றே ரெலிக்கோடு வந்தால் 28 விழுக்காடு வெறுங்கையோடு போவீர்கள். அப்போதுதான் ராசி, ஜாதகம் எல்லாம் கிளம்புகிறது. ஆறு ரெலிக் கொண்டுவாருங்கள். ஆறு ஓட்டத்துக்குள் விழும் வாய்ப்பு 92 விழுக்காடு. ஆறு ரேடியன்ட்டுக்கு 600 ட்ரேஸ். மாஸ்டரி ரேங்க் என்ற ஆட்டக்காரர் நிலையில் 10-இல் இருப்பவர் சரியாக 600 ட்ரேஸ்தான் சேர்த்து வைக்க முடியும், ஆக இதைவிட வசதியான எண் வேண்டுமா? ரெலிக் உடைக்கும் ஒரு சாதாரண ஃபிஷர் மிஷன் 6 முதல் 30 ட்ரேஸ் தரும். சராசரி 18 என்று வைத்தால் 600 சேர 34 மிஷன். அதைச் சேர்ப்பதை வார நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள், உடைப்பதை சனிக்கிழமை.

ட்ரேஸ் இல்லை, ரெலிக் மட்டும் குவிந்து கிடக்கிறது என்கிற பிள்ளைகளுக்கு வேறு வழி. எக்ஸெப்ஷனல் ரெலிக் நாலு சேர்ந்தால் ஓர் ஓட்டத்துக்கு 15 விழுக்காடு. 15 ரெலிக், 375 ட்ரேஸ், 91 விழுக்காடு. அதே உறுதி, ட்ரேஸ் குறைவு, நேரம் இரண்டரை மடங்கு. எது உங்களிடம் மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வால்ட்டுக்குள் போய்விட்ட, அதாவது இப்போது புதிதாக விழாத, ரெலிக் என்றால் மட்டும் பேச்சே வேண்டாம், ரேடியன்ட்தான். அது தீர்ந்தால் எளிதில் திரும்பி வராது.

தனியாக மட்டும் உடைக்காதீர்கள். இதை நான் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் செய்தவள் நான். புயல் எச்சரிக்கை கிளாஸ் 3 அமலில் இருந்த, பள்ளி மூடியிருந்த ஒரு நாள். ஜன்னலில் பலகை அடித்தாயிற்று, மெழுகுவத்தி எடுத்து வைத்தாயிற்று, இன்டர்நெட் இன்னும் இருந்தது. உங்களை யாரையும் கூப்பிடவில்லை. "இன்றைக்கு விழும்" என்று மனசு சொன்னது. மனசு சொன்னதற்கு வேறு ஆதாரம் கிடையாது. பதினாலு ரேடியன்ட் தனியாக உடைத்தேன், பதினாலிலும் வெண்கலமும் வெள்ளியும். மாதக்கணக்கில் பொறுக்கிய 1,400 ட்ரேஸ். கடைசி ஒன்று உடையும்போது கரண்டும் போய்விட்டது, அதில் என்ன விழுந்தது என்று மறுநாள்தான் பார்த்தேன், அதுவும் வெண்கலம். தனியாகப் பதினாலு உடைத்து விழாமல் போக வாய்ப்பு 23 விழுக்காடு, நாலுக்கு ஒன்றைத் தொடும். அதே பதினாலை ஸ்குவாடில் உடைத்திருந்தால் 365-க்கு ஒன்று. அன்றைக்கு என்னோடு யாரும் இல்லை, ஆகவே ராசி இல்லாதவள் யார் என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. என்னை யாரும் கிளானைவிட்டு விலக்கவும் இல்லை.

அன்று நான் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: எத்தனையோடு நிறுத்துவது என்று உட்காரும் முன்பே ஒரு தாளில் எழுதவில்லை. உட்கார்ந்த பிறகு எழுதினால் அந்த எண் ஒவ்வொரு வெண்கலத்துக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். நான் பார்த்துவிட்டேன்.

ஆகவே தலைவர்களிடம் நான் கேட்பது: செவ்வாய்க்கிழமை பின் செய்ததை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று வரி போடுங்கள். நாலும் ரேடியன்ட், காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். பத்து ரியாக்டன்ட் சேராமல் யாரும் வாசலுக்குப் போகக் கூடாது, தலைவராக இருந்தாலும். ஆறு ஓட்டத்தோடு எழுந்துவிட வேண்டும், விழுந்தாலும் விழாவிட்டாலும். தன் இணைப்பில் ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் ஃபைபர் உள்ள வீடாக இருக்கட்டும். டர்பன் அண்ணன் ஹோஸ்ட் எடுத்துப் பாதியில் லைன் அறுந்து ரெலிக்கைத் தொலைத்த கதையை அவர் இன்னும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை.

தம்பியிடம் நேற்று போனில் பேசினேன். "பரவாயில்லை மிஸ், நான் வராவிட்டால் அவர்களுக்கு விழும் என்றால் விழட்டும்" என்றான். அவனும் நம்பத் தொடங்கிவிட்டான். அதுதான் எனக்குக் கோபம். கணக்கு தப்பாகப் போட்டால் சிவப்பு மையால் திருத்திவிடலாம், இதை எதால் திருத்துவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு 9 மணி, டர்பனில் 7 மணி. என் ஸ்குவாட்: நான், தம்பி, இன்னும் இரண்டு இடம் காலி. ரேடியன்ட் ஆறோடு வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள். ஆறிலும் விழாவிட்டால் ஏழாவதைத் தொட மாட்டேன், ஞாயிறு காலை ரோஸ் ஹில் சந்தைப் பக்கம் காத்தோ பிமா, நம் மிளகாய் வடை, என் கணக்கு. எட்டு விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது, பசியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மிஸ்
ரோஸ் ஹில்